நூரைனைக் குளிப்பாட்டிய தண்ணீர்

செத்து ஐம்பது நாள் ஆன ஒரு பெண், பட்டப்பகலில், பதினோரு முலாம் பட்டறைகளின் ஷட்டரை ஒரே மத்தியானத்தில் இழுத்து மூட வைத்தாள். கண்ணால் பார்த்தவன் நான். திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவே முப்பத்திரண்டு வருடம் கண்டக்டர் வேலை பார்த்து, ஒன்பது கோடி டிக்கெட் கிழித்த கையைத் தலையில் வைத்துச் சத்தியம் செய்கிறேன். ஒன்பது கோடி கொஞ்சம் ஜாஸ்தி என்கிறாள் என் மனைவி. அவள் எண்ணிப் பார்த்தாளா?

ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் எங்கள் ஆறு ஓடுகிறது. வெளியூர்க்காரர்கள் ஓடை என்பார்கள். நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். என் சின்ன வயதில் அதன் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தது என்றால், மீன்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கல்லுக்கு அடியிலேயே குடும்பம் நடத்தின. அந்தக் கரையில்தான் பதினோரு பட்டறைகளும் வரிசையாக இருந்தன. குத்துவிளக்கு, மணி, சொம்பு, ஆசிரமப் பக்கத்து விடுதிகளின் கதவுக் கைப்பிடி, எல்லாம் கறுத்துப்போய் அங்கே வரும். ஆசிட்டில் முக்கி, செம்புத் தொட்டியில் இறக்கி, நிக்கல் தொட்டியில் இறக்கி எடுத்தால் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வெளியே போகும்.

பௌர்ணமிக்கு முன்னால் வேலை நெட்டித்தள்ளும். கிரிவலம் வருகிற லட்சம் பேரில் பாதிப் பேராவது ஒரு விளக்கு வாங்கிப் போவார்கள் என்று கடைக்காரர்களுக்குக் கணக்கு. அந்த ஓட்டத்தில் தொட்டித் தண்ணீர் செத்துவிடும், அதற்குமேல் முலாம் பிடிக்காது. செத்த தண்ணீரை பௌர்ணமி அன்று காலையில் திறந்துவிடுவது பட்டறைக்காரர்களின் பழக்கம். அன்றைக்கு ஊர் முழுக்க மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆற்றை யார் பார்ப்பது? மறுநாள் காலை ஆற்றின் ஓரங்களில் மயில்துத்தம் கரைத்த மாதிரி ஒரு நீலப்பச்சை படிந்திருக்கும். கொக்கு வரும், ஒற்றைக்காலை நனைக்கும், பறந்துவிடும். கொக்குக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லை.

பதினோரு பட்டறைகளில் பெரியது நசீர் அகமதுவுடையது. பின்பக்கம் வீடு, முன்பக்கம் பட்டறை. எதிர்வீடு என்னுடையது. தினமும் பதினோரு மணிக்கு அவர் பட்டறை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்து, அவர் மனைவி ரசியா பேகம் அனுப்பும் இஞ்சி டீயைக் குடித்துவிட்டுத்தான் எனக்குப் பொழுது நகரும். அவர்கள் வீட்டுக்குள் உருது பேசுவார்கள். சண்டை என்றால் மட்டும் தமிழ்.

நசீரின் தங்கை நூரைன். முப்பத்தாறு வயது. புருஷன் வேலூரில் விட்டுவிட்டுப் போனபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். முலாம் பூசிய விளக்குகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. அவள் சிரித்தால் அடி அண்ணாமலையில் மாடு திரும்பிப் பார்க்கும். இரண்டு வருடமாகச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு தரம் ஊசி குத்திக்கொண்டு வந்தவள், மாசி பௌர்ணமிக்கு மறுநாள் விடியும்போது போய்விட்டாள். "எந்தத் தண்ணி குடிக்கறீங்க?" என்று டாக்டர் ஒருமுறை கேட்டாராம். "போர் தண்ணிதான்" என்றாராம் நசீர். டாக்டர் எழுதிக்கொண்டாராம். அவ்வளவுதான்.

இனிமேல் வருவதை எனக்குச் சொன்னது ரசியா பேகம். இதில் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தைரியம் வரவில்லை.

அந்தத் தெருவில் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டுவது ரசியாதான். இருபது வருடமாக அவள் கை படாமல் அங்கே எந்தப் பெண்ணும் அடக்கத்துக்குப் போனதில்லை. இலந்தை இலை போட்டு வெதுவெதுப்பாகக் காய்ச்சிய தண்ணீர், மூன்று தரம். கடைசித் தண்ணீரில் கற்பூரம். உடம்பின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டுத்தான் கழுவ வேண்டும். நாத்தனாரையும் அப்படித்தான் கழுவினாள். பட்டறைப் போர்க் குழாயிலிருந்து பிடித்த தண்ணீர். வாசனை இல்லை, ஏதோ ஒரு சாயல் மட்டும் இருந்தது, அதை அழுகையில் கவனிக்கவில்லை. நூரைனைக் கபன் துணியில் சுற்றி அனுப்பிவிட்டு, போர்த்திய துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். மத்தியானம் காய்ந்த துணியை எடுக்கப் போனால், அதில் பச்சை. ஓரத்தில் பச்சை, மடிப்பில் பச்சை. நடுவில், நூரைனின் தோளும் இடுப்பும் இருந்த இடத்தில், ஆள் படுத்திருந்த அளவுக்கு வெளிறிய பச்சை.

"அந்தத் தண்ணிலதான் அவள அனுப்பி வச்சேன் கண்டக்டரே," என்றாள் ரசியா.

மூன்றாம் நாளிலிருந்து ஆரம்பித்தது. லுஹர் பாங்குக்குச் சற்று முன்னால், சூரியன் உச்சியில் நிற்கும் அந்தத் தொழக் கூடாத நேரத்தில், பின்கட்டுக் குழாயடியில் நூரைன் நின்றாள். ஈரமாக. கூந்தலை முன்னால் போட்டுப் பிழிந்துகொண்டு. "பாபி, இன்னும் போகல," என்றாளாம், அண்ணியை எப்போதும் கூப்பிடுகிற மாதிரி. அழுக்கு போகவில்லை என்கிறாளா, தான் போகவில்லை என்கிறாளா, ரசியாவுக்குத் தெரியவில்லை. பாங்கு ஒலித்ததும் குழாயடி காலி. சிமெண்டுத் தரை மட்டும் நனைந்திருந்தது.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ரசியா புருஷனிடம் சொன்னாள். நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தமிழில் ஆரம்பித்ததால் சண்டை என்று தெரிந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"மய்யித்து திரும்பி வராது ரசியா. நம்ம ஈமான்ல அது இல்ல. நீயே நாலு பேருக்குச் சொல்றவ."

"நான் மய்யித்துன்னா சொன்னேன்? நூரைன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"உங்களுக்கு ஒண்ணு. நான் தொட்டுக் கழுவினவ."

"சாப்புடாம கொள்ளாம கெடந்தா கண்ணுல எல்லாம் தெரியும். போய்ப் படு."

"படுக்கறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. நெறம், வாசனை, ருசி, மூணுல ஒண்ணு கெட்டாலும் அந்தத் தண்ணி சுத்தம் பண்ண ஆவாது. இனிமே இந்தத் தெருவுல யார் மௌத்தானாலும் நான் குளிப்பாட்ட வரமாட்டேன். இந்தத் தண்ணி சுத்தமாவற வரைக்கும் வரமாட்டேன்."

"இன்னாது? அப்போ பொம்பளைங்கள யார் குளிப்பாட்டறது?"

"தொட்டியத் தொறந்து விடறவங்க வந்து குளிப்பாட்டட்டும்."

நசீர் வெளியே வந்தார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த ஒரு காகிதத்தை என் முன்னால் தட்டினார். "பாருங்க கண்டக்டரே. ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணிக் குடுத்தது. ஆத்துத் தண்ணில எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்குதாம். சீல் இருக்குது, கையெழுத்து இருக்குது. இதுக்கு மேல நான் இன்னா பண்றது?"

உண்மைதான். தை மாதத்தில் கீழ்க்கரை விவசாயி பரசுராமன் ஊரைக் கூட்டி மனுக் கொடுத்தார். அவருடைய மணிலாக் கொட்டை, வேர்க்கடலைதான், மூன்று வருடமாகப் பிஞ்சிலேயே கறுத்தது. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து புகழேந்தி என்று ஒரு இளம் அதிகாரி வந்து, பரசுராமன் வீட்டில் தண்ணீர் கேட்டு, பாட்டிலில் வாங்கிப் போனார். முடிவு இந்தக் காகிதம். பரசுராமன் அன்றிலிருந்து ஆற்றுப் பேச்சே எடுப்பதில்லை. மகசூலும் போய் மானமும் போனது.

ரசியாவின் சபதம் இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரவியது. மூன்றாம் நாள் பரசுராமனின் மனைவி ராணியம்மாள் பின்கட்டுக்கு வந்துவிட்டாள். பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்த எனக்குத் திறந்த கதவுகள் வழியாகப் பின்கட்டு தெரிந்தது, பேச்சும் கேட்டது. ரசியா கொடியிலிருந்த பச்சைத் துணியை எடுத்துக் காட்டினாள். ராணியம்மாள் தொடாமல் பார்த்தாள்.

"உச்சி வேளைல வருதா பாயம்மா?"

"வருது."

"எங்க மாடு ரெண்டும் அந்த நேரத்துலதான் ஆத்தப் பாத்துக் கத்துது."

"ஆனா ஆபீஸ் காயிதத்துல நல்ல தண்ணின்னு வந்துடுச்சேக்கா. அதக் காட்டித்தான் இவரு வாய அடைக்கறாரு."

ராணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்தத் துடைப்பிலேயே எனக்கு விஷயம் பிடிபட்டிருக்க வேண்டும்.

"அது வந்து பாயம்மா... அன்னிக்கு அந்த சாரு திடீர்னு வந்து தண்ணி குடுங்கன்னாரு. வெளியூருல இருந்து வந்த மனுசன். கலங்கல் தண்ணிய அப்படியேவா குடுக்கறது? முந்தின நாள் மொண்டாந்த ஆத்துத் தண்ணி பானைல இருந்துச்சு. தேத்தாங்கொட்டை ஒரசி வச்சிருந்தேன். எல்லாக் கசடும் அடியில எறங்கி, மேல கண்ணாடி மாதிரி தெளிஞ்சி நின்னுச்சு. அதத்தான் இறுத்து, துணில வடிகட்டி, பாட்டில்ல ஊத்திக் குடுத்தேன்."

"ஐயோ அக்கா!"

"ஒரு தூசி தும்பு கூட அதுல வுழாம பாத்துக் குடுத்தேன் பாயம்மா!"

அதைக் கேட்டதும் நான் வாசலிலிருந்து இடி இடித்தது மாதிரி சிரித்தேன். அந்தச் சிரிப்பில் மலைமேல் குரங்குகள் இடம் மாறின என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். நசீர் சிரிக்கவில்லை. சட்டத்தை ஆணியிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்து, மறுபடி அதே ஆணியில் மாட்டினார்.

"அப்போ தேத்தாங்கொட்டை போட்டா சரியாப் போவுதுல்ல? எல்லாரும் போட்டுக் குடிங்க," என்றார். பேச்சில் பிசிறு இருந்தது.

அடுத்தது இரண்டு பெண்களும் சேர்ந்து போட்ட திட்டம். யாரிடமும் கேட்கவில்லை. சித்திரை பௌர்ணமிக்கு முந்தின வாரம், பதினோரு பட்டறைப் போர்களிலும் ஒவ்வொரு குடம் தண்ணீர் பிடித்தார்கள். பன்னிரண்டாவது குடம் மேல்கரையில், பட்டறைத் தண்ணீர் வந்து கலக்காத இடத்தில், ஆற்று மணலில் ஊற்று பறித்து எடுத்தது. பன்னிரண்டு புது வெள்ளைத் துணிகள். கபன் துணிதான். ஒவ்வொன்றையும் இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய அந்தந்தத் தண்ணீரில் மூன்று தரம் நனைத்துப் பிழிந்தாள் ரசியா, மய்யித்துக்குச் செய்வது போலவே. காலை ஒன்பது மணிக்கு ஆற்றுக்குள் மூங்கில் நட்டு, கொடி கட்டி, வரிசையாகப் போட்டார்கள்.

செய்தி பரவி நானூறு பேர் கூடினார்கள். சரி, நாற்பது. பட்டறைக்காரர்கள் தங்கள் தங்கள் வாசலில் நின்றபடி கிண்டல் செய்தார்கள். "கல்யாண வீடா, சாவு வீடா?" என்று கத்தினார் மூன்றாவது பட்டறை சுரேஷ்குமார். "நீ சொல்லு தம்பி," என்று திருப்பிக் கத்தினாள் ராணியம்மாள், "உன் வூட்டுத் தண்ணிதான் தொங்குது."

பதினொரு மணிக்குக் கிண்டல் நின்றது. துணிகள் காயக் காய நிறம் மேலே வந்தது. முதலில் ஓரத்தில் ஒரு கோடு. பிறகு மடிப்புகளில். யாரோ உள்ளேயிருந்து மெதுவாக வரைவது மாதிரி. பன்னிரண்டாவது துணி மட்டும் வெயிலில் கண் கூசும்படி வெள்ளையாக ஆடியது. காற்று நின்றது, பதினோரு பச்சைத் துணிகளும் நேராகத் தொங்கின. ஆற்றிலிருந்து ஆசிட் நெடி தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

நசீர் அப்போதுதான் ஆற்றில் இறங்கினார். தன் போர்த் தண்ணீர்த் துணி எது என்று ரசியாவிடம் கேட்கவில்லை. வரிசையில் நான்காவதாக, எல்லாவற்றிலும் அதிகமாகப் பச்சை ஏறியிருந்ததன் முன்னால் போய்த் தானாகவே நின்றார். கையால் தொட்டார். பிறகு கீழே குனிந்து, துணிக்கும் மணலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். துணிக்குப் பின்னால் இரண்டு கால்கள். ஈரமான கால்கள். மணலில் தடம் இல்லை.

நசீர் நிமிர்ந்தார். முகம் சாம்பலாக இருந்தது. திரும்பி, தண்ணீர் தெறிக்க நடந்து, கரையேறி, பட்டறைக்குள் போய் மோட்டாரை நிறுத்தினார். ஷட்டரை இழுத்த சத்தம் எதிர்க்கரை வரைக்கும் கேட்டது. பெரிய பட்டறை மூடியதும் பக்கத்துப் பட்டறை மூடியது. பாங்கு ஒலிப்பதற்குள் பதினொன்றும் மூடிவிட்டன.

அன்று சாயங்காலம் நான் ஊர் முழுக்கச் சொன்னேன்: நூரைன் வந்தாள், கால்களைப் பார்த்தேன், அவள்தான் மூடினாள். நசீர் அகமதுவைக் கேட்டவர்களுக்கு ஒரே பதில். "வெயில்ல தலை சுத்திச்சு. கண்டக்டருக்குப் பொழுது போவல. நான் ஒண்ணத்தையும் பாக்கல." ரசியாவிடமும் அதையேதான் சொன்னார். அவள் வற்புறுத்தவில்லை. ஆனால் மத்தியானச் சோறு போட்டுவிட்டு, அவர் கண்ணைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள்.

பட்டறைகளை மூடியே வைக்க முடியாது. அறுபது குடும்பம் சாப்பிட வேண்டும். அதனால் குழி வெட்டினோம். புகழேந்தி மறுபடி வந்தார். இந்த முறை தானே ஆற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்தார், ராணியம்மாளைப் பக்கத்திலேயே விடவில்லை. பதினோரு பட்டறைக்கும் பொதுவாகச் சிமெண்டுத் தொட்டிகள் மூன்று, ஒன்றைவிட ஒன்று தாழ்வாக. செத்த தண்ணீர் முதல் தொட்டியில் விழும். சுண்ணாம்பு கரைத்து ஊற்றிக் கலக்கினால் பச்சை எல்லாம் திரண்டு சேறாக அடியில் படியும். தெளிந்தது அடுத்ததற்குப் போகும். சேற்றை வாரி டிரம்மில் அடைத்து, அதற்கென்று இருக்கிற இடத்துக்கு லாரியில் அனுப்ப வேண்டும். "பெரிய பானை, பெரிய தேத்தாங்கொட்டை," என்றாள் ராணியம்மாள். பரசுராமன் முதல் தடவையாகச் சிரித்தார்.

சொல்லச் சுலபம். சுண்ணாம்பு கையைத் தின்னும். வைகாசி வெயிலில் கலக்குகிறவனுக்குக் கண் எரியும். முறை வைத்துக் கலக்கினார்கள். மற்றவர்கள் வேலையாள் அனுப்பினார்கள், நசீர் தானே வந்தார். காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு, முழங்கை வெந்து தோல் உரிய, ஒரு நாள் விடாமல். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் இரண்டு பெண்களும் பன்னிரண்டு துணி போட்டார்கள். ஆனியில் பச்சை. ஆடியில் பச்சை. ஆவணியில் மடிப்பில் மட்டும். நடுவில் தெருவில் ஒரு பெண் மௌத்தானாள், ரசியா வரவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆளையும் தண்ணீரையும் வேனில் கொண்டுவந்தார்கள். ரசியா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானங்களில் பின்கட்டில் தரை இன்னும் நனைந்துதான் கிடந்தது.

ஐப்பசி மழையில் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. ஒரு மோட்டார் எரிந்தது. சேறு அள்ள லாரி வரவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் கார்த்திகை தீபம். ஊரிலுள்ள விளக்கெல்லாம் பட்டறையில் குவிந்து கிடந்தது. சுரேஷ்குமார் பட்டறைக்காரர்கள் எல்லோரையும் தொட்டிக் கரையில் கூட்டினார். மழை தூறிக்கொண்டிருந்தது. பரசுராமனும் ராணியம்மாளும் வந்தார்கள். ரசியா ஒரு குடையின் கீழ் தள்ளி நின்றாள். நான் கூப்பிடாமலே போயிருந்தேன்.

"தீபம் முடியற வரைக்கும் பழையபடி ஆத்துலயே விட்டுடலாம்," என்றார் சுரேஷ்குமார். "அப்புறம் பாத்துக்கலாம். மழைத் தண்ணில அடிச்சினு போயிடும். யாருக்கும் தெரியாது."

"ஒரு தரம் வுட்டா அவ்ளோதான் தம்பி," என்றார் பரசுராமன். "அப்புறம் எந்நாளும் அதுதான்."

"நீங்க சொல்லுவீங்க. உங்க கொட்டை வெளைஞ்சிடுச்சு. நாங்க எதுக்காக இதுல எறங்கனோம்? இந்தக் கண்டக்டர் ஒரு பேய்க் கதை கட்னாரு. ரெண்டு காலப் பாத்தேன்னாரு. நாம பயந்துக்கினு ஷட்டரப் போட்டோம். நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, வேற யாராச்சும் பாத்தீங்களா?"

இல்லை என்று ஒவ்வொரு தலையாக ஆட ஆரம்பித்தது. நான் வாயைத் திறந்தேன். என்னைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். ஒன்பது கோடி டிக்கெட்டுக்கு உரிய மரியாதை அவ்வளவுதான்.

"நசீர் பாயே சொல்லட்டும்," என்றார் சுரேஷ்குமார். "துணிகிட்ட போனது அவர்தான். அவரே ஒண்ணும் இல்லன்னுதான் இத்தினி மாசமா சொல்லிக்கினு இருக்காரு. பாய், நீங்க சொல்லிட்டா இன்னிக்கே தொறந்துடலாம்."

நசீர் முதல் தொட்டிக்குள், முழங்கால் அளவு சேற்றில் நின்று கலக்கிக்கொண்டிருந்தார். கழியை நிறுத்தினார். சுண்ணாம்பு பட்ட முகம் வெளுத்திருந்தது. ரசியா குடையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஆறு மாதத்தில் முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"கண்டக்டர் பொய் சொல்றாரு," என்றார் நசீர்.

சுரேஷ்குமார் கையைத் தட்டினார்.

"ரெண்டு காலுன்னு சொல்றாரு. ரெண்டு இல்ல. ஒரு கால்தான் மணல்ல இருந்துச்சு. இன்னொண்ணத் தூக்கி வச்சிக்கினு நின்னா." நசீர் கழியைப் பிடித்துக்கொண்டார். "சின்னதுல ரெண்டு பேரும் இங்கதான் குளிப்போம். தண்ணி சில்லுன்னு இருக்குமோன்னு அவளுக்குப் பயம். அப்படித்தான் ஒத்தக் காலத் தூக்கிக்கினு கரைல நின்னு என்னையக் கேப்பா, எறங்கலாமா பாய்ஜான்னு. நான் மொதல்ல எறங்கிப் பாத்து, எறங்குன்னு சொன்னாத்தான் எறங்குவா. நான் சொல்லாம ஒரு நாளும் எறங்கனதில்ல."

தூறல் தொட்டிச் சேற்றில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது.

"அவ மௌத்தாவறதுக்கு மொத நாளு காலைல தொட்டியத் தொறந்து வுட்டது நான்தான். அன்னிக்குத் துணிக்குப் பின்னால நின்னு அதத்தான் கேட்டா. எறங்கலாமா பாய்ஜான்னு. வந்தா, சுரேசு. நான் பாத்தேன். ஆறு மாசமா அவளுக்குப் பதில் சொல்ல முடியாமத்தான் இதுக்குள்ள நிக்கறேன்."